ஆய்வுக்கட்டுரை தேட ஏஐ: முதன்முறை இறங்குபவர்களுக்கு

லிட்ரேச்சர் ரிவ்யூ, அதாவது ஒரு கேள்வி பற்றி இதுவரை வந்த ஆய்வுகளின் தொகுப்பு, எழுத உட்காரும் பெரும்பாலானோருக்கு முதல் வாரத்தில் வருவது ஒரே சிக்கல்தான். என்ன தெரிய வேண்டும் என்பது மனதில் தெளிவாக இருக்கும். அந்தத் துறைக்காரர்கள் அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் தெரியாது. படுத்த பிறகு தூக்கம் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று நாம் யோசிப்போம். தூக்க ஆய்வாளர்கள் அதை ‘ஸ்லீப் ஆன்செட் லேட்டன்சி’ என்பார்கள். இந்தச் சொல் கைக்கு வராதவரை தரவுத்தளத்தில் எத்தனை மணி நேரம் தட்டினாலும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

ஏஐ கருவிகள் உண்மையிலேயே கைகொடுப்பது இந்த இடத்தில். ஆனால் புதிதாக வருபவர்கள் பலர் இதை விட்டுவிட்டு, கேள்வியைப் போட்டு நேராகப் பதிலை எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். பதில் கிடைக்கும், அழகாகவும் இருக்கும். அது எந்தப் பேப்பரில் இருக்கிறது என்று யாராவது கேட்டால்தான் வியர்க்கும். அதனால் இந்தக் கட்டுரையில் ஒரே கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு முதல் படியிலிருந்து போவோம்: தூங்கும் முன் திரை பார்த்தால் தூக்கம் வரத் தாமதமாகிறதா?

எது எது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

“ஏஐ வைத்துத் தேடினேன்” என்று ஒருவர் சொன்னால், அவர் நான்கு விதமான வேலைகளில் ஏதோ ஒன்றைச் செய்திருக்கலாம்.

சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் போன்ற பொதுவான சாட்பாட்டுகள் ஒரு வகை. இணையத் தேடலை இணைக்காமல் கேட்டால் இவை எந்தத் தரவுத்தளத்தையும் திறந்து பார்ப்பதில்லை. பயிற்சியில் படித்ததை வைத்து, அடுத்து எந்தச் சொல் வந்தால் பொருந்தும் என்று கோத்துக்கொண்டே போகின்றன.

செமாண்டிக் ஸ்காலர், எலிசிட், கன்சென்சஸ், ஸ்கோப்பஸ் ஏஐ ஆகியவை இரண்டாவது வகை. இவற்றுக்குக் கீழே உண்மையான கட்டுரைகளின் தொகுப்பு ஒன்று இருக்கிறது. உங்கள் கேள்விக்குப் பொருந்தும் கட்டுரைகளை முதலில் அதிலிருந்து எடுத்து, அதன் பிறகே சுருக்கம் எழுதுகின்றன. மூன்றாவது வகை, எந்தக் கட்டுரை எதோடு தொடர்புடையது என்று வரைபடம் போடும் கருவிகள்: கனெக்டட் பேப்பர்ஸ், ரிசர்ச் ராபிட், லிட்மேப்ஸ். ஆயிரக்கணக்கில் வந்து விழும் தலைப்புகளைச் சலித்துத் தரும் ஏஎஸ்ரிவியூ, ரய்யான் போன்றவை நான்காவது.

இவை எல்லாவற்றுக்கும் முன்பே வந்தவை பழைய தரவுத்தளங்கள். மருத்துவம், உயிரியலுக்கு பப்மெட், கல்வித் துறைக்கு எரிக், பொறியியலுக்கு ஐஇஇஇ எக்ஸ்ப்ளோர், உளவியலுக்கு சைக்இன்ஃபோ. இயற்பியல், கணிதம், கணினியியலில் 1991 முதல் இயங்கும் ஆர்க்கைவ். துறை பார்க்காமல் எல்லாம் சேர்ந்தது வேண்டுமென்றால் ஸ்கோப்பஸ், வெப் ஆஃப் சயின்ஸ், கூகுள் ஸ்காலர். ஏஐ வந்துவிட்டது, இனி இவை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஏன் வேண்டும் என்பது ஐந்தாம் படிக்கு வரும்போது தெரியும்.

தொடங்கும்போதே இன்னொன்றையும் தெரிந்துகொள்வது நல்லது. இந்த ஏஐ கருவிகளில் பலவற்றுக்குச் சொந்தத் தொகுப்பு கிடையாது. மைக்ரோசாஃப்ட் தன் கல்வித் தொகுப்பை 2021 இறுதியோடு நிறுத்தியபோது அந்த இடத்தை நிரப்ப 2022 ஜனவரியில் ஓப்பன்அலெக்ஸ் வந்தது. அதையும், ஆலன் ஏஐ ஆய்வு நிறுவனம் 2015 முதல் நடத்தும் செமாண்டிக் ஸ்காலரையும்தான் பலரும் அடித்தளமாக வைத்திருக்கிறார்கள். எனவே மூன்று கருவிகளில் தேடி மூன்றிலும் ஒரே பேப்பர் வந்தால், மூன்று சாட்சி கிடைத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஒரே கிணற்றில் மூன்று வாளி இறக்கியிருக்கலாம்.

படி 1: கேள்வியை ஒரு வாக்கியமாக எழுதுங்கள்

கருவியைத் திறக்கும் முன் காகிதத்தில் எழுதுங்கள். ‘திரையும் தூக்கமும்’ என்பது தலைப்பு, கேள்வி அல்ல. யாரிடம், எதைச் செய்தால், எதோடு ஒப்பிட்டு, எதை அளந்தார்கள் என்று நான்காக உடைத்தால் கேள்வி வந்துவிடும். மருத்துவத் துறையில் இதற்கு பைக்கோ என்று பெயர். மற்ற துறைகளுக்கும் ஓரளவு ஒத்துப்போகும்.

நம்முடைய கேள்வி இப்படி உடைகிறது. யாரிடம்: உடல்நலமுள்ள பெரியவர்கள். எதை: படுக்கும் முன் ஒளி உமிழும் திரையைப் பார்ப்பது. எதோடு ஒப்பிட்டு: அச்சுப் புத்தகம், அல்லது திரையே இல்லாமல். எதை அளந்து: தூக்கம் வர ஆகும் நேரம். இந்த நான்கு பெட்டிகள் கடைசிவரை உடன் வரும்.

படி 2: சாட்பாட்டிடம் சொற்களைக் கேளுங்கள், பேப்பரைக் கேட்காதீர்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போக வேண்டாம். நான்கு பெட்டிகளையும் சாட்பாட்டிடம் கொடுத்து, “ஒவ்வொன்றுக்கும் ஆய்வாளர்கள் பயன்படுத்தும் சொற்கள், இணைச்சொற்கள், பழைய பெயர்கள், சுருக்கெழுத்துகள் என்னென்ன? பக்கத்துத் துறைகளில் இதையே வேறு பெயரில் அழைக்கிறார்களா?” என்று கேளுங்கள். கேள்வியைத் தமிழிலேயே கேட்கலாம், சொற்களை மட்டும் ஆங்கிலத்தில் தரச் சொல்லுங்கள். பெரிய தொகுப்புகளில் உள்ள கட்டுரைகளில் பெரும்பகுதி ஆங்கிலம்தான்.

நம் கேள்விக்கு வரும் பட்டியல் கிட்டத்தட்ட இப்படி இருக்கும். திரை என்பதற்கு: ஸ்கிரீன் டைம், ஸ்மார்ட்ஃபோன், டேப்லெட், இ-ரீடர், லைட்-எமிட்டிங் டிவைஸ், ப்ளூ லைட். தூக்கத்துக்கு: ஸ்லீப் ஆன்செட் லேட்டன்சி, ஸ்லீப் லேட்டன்சி, மெலடோனின் சப்ரெஷன், சர்க்கேடியன் ஃபேஸ். கடைசி இரண்டும் நீங்களாக யோசித்திருக்க மாட்டீர்கள். ஆனால் அந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால் ஒரு முழு ஆய்வுத் துறையே இருக்கிறது: திரை வெளிச்சம், தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பைக் குறைக்கிறது, உடலின் கடிகாரத்தைத் தள்ளிவைக்கிறது என்று அளப்பவர்களின் துறை. சாட்பாட் தரும் பெரிய லாபம் இதுதான். அதில் ஒரு சொல் தவறாக இருந்தாலும் நஷ்டம் பெரிதில்லை, தேடினால் ஒன்றும் வராது, அவ்வளவுதான்.

அதே சாட்பாட்டிடம் மேற்கோள் பட்டியல் கேட்டால் நிலைமை வேறு. எனக்கே ஒருமுறை நடந்தது. அவசரத்துக்கு ஒரு சாட்பாட்டிடம் மேற்கோள்கள் கேட்டேன். ஒரு மேற்கோளில் ஆசிரியர் அந்தத் துறையில் இருக்கும் ஆள்தான், ஆய்விதழும் உண்மை, ஆண்டும் தொகுதி எண்ணும் பொருந்தின. ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாகத் தரப்படும் டிஓஐ என்ற அடையாள எண்ணைப் போட்டால் மண்ணியல் பற்றிய ஏதோ ஒரு கட்டுரை திறந்தது. அப்படி ஒரு தலைப்பில் எங்கேயும் கட்டுரை இல்லை. முழுப் பொய்யாக இருந்திருந்தால் உடனே பிடித்திருப்பேன். எல்லாப் பகுதியும் உண்மை, சேர்க்கை மட்டும் பொய் என்பதால் அரை மணி நேரம் தேடிக்கொண்டிருந்தேன். 2023-ல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது இதே விஷயத்துக்குத்தான். சாட்ஜிபிடி தந்த, உலகில் இல்லாத தீர்ப்புகளை அவர்கள் மனுவில் மேற்கோள் காட்டியிருந்தார்கள்.

இணையத் தேடல் இணைத்த சாட்பாட்டுகளில் இந்தத் தொல்லை குறைந்திருக்கிறது, போகவில்லை. பேப்பர் உண்மையாக இருக்கும், அது சொன்னதாகச் சாட்பாட் சொல்வது அதில் இருக்காது. இது இன்னும் மோசம்.

படி 3: விதைப் பேப்பர்கள் மூன்று, ஐந்து சேருங்கள்

இப்போது இரண்டாவது வகைக் கருவிகளுக்கு வருவோம். இவற்றில் பல சொல்லுக்குச் சொல் பொருத்திப் பார்ப்பதோடு நிற்பதில்லை. ஒவ்வொரு கட்டுரையின் தலைப்பையும், ஆசிரியரே எழுதும் சுருக்கத்தையும் (அப்ஸ்ட்ராக்ட்) நீண்ட எண்வரிசையாக மாற்றி வைத்திருக்கின்றன. பொருள் நெருங்கிய கட்டுரைகளின் எண்வரிசைகளும் நெருக்கமாக அமையும். உங்கள் கேள்வியும் அப்படி எண்வரிசையாக மாறி, அதன் அருகில் இருப்பவை மேலே வரும். மாரடைப்பு என்று நீங்கள் கேட்டால் ‘மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்’ என்று மட்டும் எழுதிய கட்டுரையும் வருவது இதனால்தான்.

ஆகவே இங்கே ஒற்றைச் சொற்களைத் தட்டாதீர்கள், முழு வாக்கியமாகக் கேளுங்கள். செமாண்டிக் ஸ்காலர் இலவசம். பல கட்டுரைகளுக்கு ஒரே வரியில் சுருக்கமும் காட்டும். எலிசிட் கட்டுரைகளை அட்டவணையாக அடுக்கும். எத்தனை பேரை வைத்துச் செய்த ஆய்வு, என்ன முறை, என்ன விளைவு என்று நீங்கள் கேட்கும் தகவலைத் தனித்தனி நெடுவரிசையாக நிரப்பித் தரும். புதியவர்களுக்கு இந்த அட்டவணை பெரிய வசதி, நூறு சுருக்கங்களைப் படிக்கும் அலுப்பு மிச்சமாகும்.

கன்சென்சஸில் ஆம், இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்வி கேட்டால், எத்தனை ஆய்வுகள் எந்தப் பக்கம் என்று சதவீதம் காட்டும். பார்க்கச் சுவாரசியமாக இருக்கும். ஆனால் அது ஓட்டு எண்ணுவது மாதிரி. 12 பேரை வைத்துச் செய்த ஆய்வும் 12,000 பேரை வைத்துச் செய்த ஆய்வும் ஒரே கனம் அல்ல. அந்தச் சதவீதத்தை உங்கள் கட்டுரையில் எழுதிவிடாதீர்கள்.

இந்தப் படியில் உங்கள் வேலை, கேள்விக்கு நேராகப் பொருந்தும் மூன்று முதல் ஐந்து பேப்பர்களைப் பொறுக்குவது மட்டும். அவற்றில் ஒன்றாவது, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் மீளாய்வுக் கட்டுரையாக இருந்தால் நல்லது. இவற்றை விதை என்று வைத்துக்கொள்வோம். அடுத்த இரண்டு படிகளுக்கும் இவைதான் மூலதனம்.

படி 4: ஒரு பேப்பரையாவது நீங்களே திறந்து பாருங்கள்

நம் கேள்விக்குப் பெரும்பாலும் முதல் சில இடங்களிலேயே வரும் கட்டுரை ஒன்று உண்டு. அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் 2014 டிசம்பரில் இணையத்திலும் 2015-ல் அச்சிலும் வந்தது. ஏஐ சுருக்கம் அதை இப்படிச் சொல்லும்: படுக்கும் முன் ஒளி உமிழும் கருவியில் படிப்பது தூக்கத்தைத் தாமதப்படுத்துகிறது, மெலடோனினைக் குறைக்கிறது. தவறில்லை.

கட்டுரையைத் திறங்கள். பங்கேற்றவர்கள் 12 பேர். இரண்டு வாரம் ஆய்வுக்கூடத்திலேயே தங்கியிருந்தார்கள். ஐந்து மாலைகள் தொடர்ந்து, படுக்கும் முன் சுமார் நான்கு மணி நேரம் டேப்லெட்டில் படித்தார்கள். இன்னொரு ஐந்து மாலைகள் அச்சுப் புத்தகம். அறை மங்கலாக இருந்தது, டேப்லெட்டின் வெளிச்சம் முழு அளவில் வைக்கப்பட்டிருந்தது. தூக்கம் வர ஆன கூடுதல் நேரம் ஏறத்தாழ 10 நிமிடம்.

கவனித்தீர்களா, இதில் கைபேசியே இல்லை. பத்து நிமிடம் போனைப் பார்த்துவிட்டுப் படுப்பவரைப் பற்றி இந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை. “போன் பார்த்தால் தூக்கம் கெடும் என்று நிரூபிக்கப்பட்டுள்ளது” என்று எழுதி இந்தப் பேப்பரை மேற்கோள் காட்டினால், தவறு உங்களுடையது. ஏஐ தந்த வரியும் சரி, பேப்பரும் சரி, இரண்டுக்கும் நடுவில் நீங்கள் தாண்டிய தாண்டலில்தான் கோளாறு. இந்த மாதிரி விவரங்களை ஏஐ சுருக்கம் முதலில் கழித்துவிடும், ஏனென்றால் சுருக்குவது என்றாலே கழிப்பதுதான். அதோடு, சந்தா கட்டினால்தான் திறக்கும் கட்டுரைகளில் பல கருவிகள் ஆசிரியர் எழுதிய சுருக்கத்தை மட்டுமே படித்திருக்கும். பங்கேற்பாளர் விவரம் முழு உரையில் இருந்தால் அவற்றின் கண்ணிலேயே படாது.

முழு உரை கிடைக்கவில்லையா? அன்பேவால் என்ற இலவச உலாவி நீட்சியைப் போட்டுக்கொள்ளுங்கள். சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் பிரதி எங்காவது இருந்தால் காட்டிவிடும். அதுவும் இல்லையென்றால் ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். கேட்டால் அனுப்பிவைப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

படி 5: பழைய தரவுத்தளத்துக்குப் போங்கள்

ஏஐ தேடல் உங்களுக்கு மேலே இருக்கும் ஐம்பதையோ நூறையோ தரும். ‘இதுவரை வந்த எல்லாம்’ வேண்டுமென்றால் அது போதாது. நாளைக்கு அதே கேள்வியைக் கேட்டால் வரிசை மாறியிருக்கவும் கூடும். யார், எப்போது தட்டினாலும் ஒரே விதியில் விடை தருவது பழைய பாணித் தேடல்வரிதான். அதில் நீங்கள் போட்ட சொற்களும் நிபந்தனைகளும் வெளிப்படையாக இருக்கும். இன்னொருவர் அதையே தட்டிச் சரிபார்க்கலாம்.

வரி அமைப்பது எளிது. ஒரு பெட்டிக்குள் இருக்கும் இணைச்சொற்களை ‘ஆர்’ போட்டு இணைத்து அடைப்புக்குறிக்குள் வையுங்கள். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் ‘அண்ட்’ போடுங்கள். இரண்டாம் படியில் சேர்த்த பட்டியல் இங்கே அப்படியே பயன்படும். ‘நாட்’ என்பதை முடிந்தவரை தொடாதீர்கள். ‘குழந்தைகள் வேண்டாம்’ என்று போட்டால், குழந்தைகளையும் பெரியவர்களையும் சேர்த்து ஆராய்ந்த கட்டுரையும் கூடவே போய்விடும்.

பப்மெட்டில் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். ‘இன்சோம்னியா’ என்று மட்டும் தட்டித் தேடுங்கள். பிறகு ‘அட்வான்ஸ்ட்’ பக்கத்துக்குப் போய், உங்கள் தேடலுக்கு எதிரே இருக்கும் ‘டீடெய்ல்ஸ்’ குறியைத் திறங்கள். நீங்கள் தட்டாத ‘ஸ்லீப் இனிஷியேஷன் அண்ட் மெயின்டனன்ஸ் டிஸார்டர்ஸ்’ என்ற நீளமான பெயர் அங்கே சேர்ந்திருக்கும். அது மெஷ் என்ற தலைப்புச்சொல் பட்டியலில் இருப்பது. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1960 முதல் பராமரிக்கும் அந்தப் பட்டியலில் இன்று 30,000 தலைப்புகளுக்கு மேல் உண்டு. கட்டுரை ஆசிரியர் எந்தச் சொல்லில் எழுதியிருந்தாலும் ஒரே விஷயம் ஒரே தலைப்பின் கீழ் வரட்டும் என்ற ஏற்பாடு. ஆனால் சொல்லை மேற்கோள்குறிக்குள் போட்டாலோ, கடைசியில் நட்சத்திரக் குறி போட்டாலோ இந்தத் தானியங்கி மாற்றம் நின்றுவிடும். அது தெரியாமல் ‘ஏன் இவ்வளவு குறைவாக வருகிறது’ என்று முழிப்பவர்கள் அதிகம்.

ஒரு துணுக்குத் தகவல்: பப்மெட்டை ஏஐ இல்லாத பழைய கடை என்று நினைக்க வேண்டாம். புதுக் கட்டுரைகளுக்கு மெஷ் தலைப்பு ஒட்டும் வேலையை 2022 முதல் கணினி நிரல்தான் செய்கிறது. ‘பெஸ்ட் மேட்ச்’ என்ற வரிசையின் பின்னாலும் இயந்திரக் கற்றல் இருக்கிறது.

தேடல்வரியைச் சாட்பாட்டிடமே எழுதச் சொல்லலாமா? சொல்லலாம், முதல் வரைவுக்கு நல்லது. மெஷ் தலைப்புகளை மட்டும் ஒவ்வொன்றாக மெஷ் உலாவியில் சரிபாருங்கள். இல்லாத தலைப்பை இருப்பது போலவே எழுதிவிடும், அடைப்புக்குறிகளும் சில நேரம் இடம் மாறியிருக்கும்.

வரி சரிதானா என்று எப்படித் தெரியும்? இங்கேதான் விதைப் பேப்பர்கள் வேலை செய்கின்றன. உங்கள் வரி தந்த முடிவுகளுக்குள் அந்த ஐந்தும் இருக்கின்றனவா என்று பாருங்கள். நான்கு இருந்து ஒன்று இல்லையென்றால் அதைத் தனியே திறந்து, தலைப்பிலும் சுருக்கத்திலும் என்ன சொல் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். நீங்கள் ‘டேப்லெட்’ போட்டிருப்பீர்கள், அவர் ‘போர்ட்டபிள் எலக்ட்ரானிக் டிவைஸ்’ என்று எழுதியிருப்பார். அந்தச் சொல்லைச் சேர்த்து மறுபடி ஓட்டினால், அந்த ஒரு பேப்பரோடு நிற்காமல் அதே சொல்லில் எழுதிய இன்னும் பத்தும் வந்து சேரும். பெரும்பாலும் மூன்று நான்கு சுற்றில் வரி நிலைக்கு வந்துவிடும்.

கூகுள் ஸ்காலரை இதற்குப் பயன்படுத்த நினைப்பவர்களுக்கு: தேடல்வரி 256 எழுத்துகளைத் தாண்டக் கூடாது, எத்தனை லட்சம் முடிவு என்று காட்டினாலும் 1,000-க்கு மேல் திறந்து பார்க்க முடியாது. துணைக்கு வைத்துக்கொள்ளலாம், முதன்மையாக வேண்டாம்.

படி 6: நூல் பிடித்துப் போங்கள்

ஒரு நல்ல பேப்பர் கிடைத்தால் அதன் மேற்கோள் பட்டியல் பின்னோக்கி இழுக்கும். அதை மேற்கோள் காட்டியவர்கள் முன்னோக்கி இழுப்பார்கள். யூஜின் கார்ஃபீல்ட் 1964-ல் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிட்டபோது இந்த முன்னோக்கிய தேடல் தடித்த புத்தகங்களைப் புரட்டிச் செய்யும் வேலை. இன்று கூகுள் ஸ்காலரில் ‘சைட்டட் பை’ என்ற ஒரே சொடுக்கு.

கனெக்டட் பேப்பர்ஸில் விதைப் பேப்பர் ஒன்றைப் போட்டால் வலை மாதிரி ஒரு படம் வரும். அதில் இரண்டு வட்டங்களைக் கோடு இணைத்தால் ஒன்று மற்றதை மேற்கோள் காட்டியது என்று அர்த்தமில்லை. இரண்டும் பொதுவான மேற்கோள்களைப் பகிர்கின்றன, அதனால் விஷயம் ஒன்றாக இருக்கலாம் என்று அர்த்தம். படத்தின் ஓரத்தில் தனியாகத் தொங்கும் சின்னக் கொத்துகளைப் பாருங்கள். பக்கத்துத் துறை உங்கள் கேள்வியை வேறு பெயரில் ஆராய்ந்துகொண்டிருப்பது பெரும்பாலும் அங்கேதான் தெரியும்.

சைட் என்ற கருவி இன்னொரு கோணம். ஒரு பேப்பரைப் பிறர் மேற்கோள் காட்டிய வாக்கியங்களை எடுத்து, ஆதரித்தா, முரண்பட்டா, வெறுமனே குறிப்பிட்டா என்று பிரிக்கும். பிரிப்பதும் இயந்திரம்தான் என்பதால் எண்ணிக்கையை விட்டுவிட்டு, ‘முரண்பட்டது’ என்று போட்டிருக்கும் வாக்கியங்களை மட்டும் படியுங்கள். சில நிமிட வேலை, துறைக்குள் எதில் சண்டை நடக்கிறது என்று தெரிந்துவிடும்.

மேற்கோள்களை மட்டும் பிடித்துப் போனால் ஒரு குறை உண்டு: ஒருவரை ஒருவர் படிக்காத இரு கூட்டங்களை அது இணைக்காது. 1986-ல் டான் ஸ்வான்சன் என்ற தகவல் அறிவியலாளர் இதைக் காட்டினார். மீன் எண்ணெய் இரத்தத்தின் பாகுத்தன்மையைக் குறைக்கிறது என்று ஒரு கூட்டம் எழுதிக்கொண்டிருந்தது. விரல்களுக்கு இரத்தம் சரியாகப் போகாத ரேனோ நோயில் அந்தப் பாகுத்தன்மை கூடுதலாக இருக்கிறது என்று வேறொரு கூட்டம். ஒருவர் எழுதியதை மற்றவர் மேற்கோள் காட்டவே இல்லை. அவர் நோயாளி யாரையும் பார்க்கவில்லை. கட்டுரைகளைப் படித்தே, மீன் எண்ணெய் அந்த நோய்க்கு உதவக்கூடும் என்று எழுதினார். சில ஆண்டுகளில் நடந்த மருத்துவச் சோதனையும் அதற்கு ஆதரவாக வந்தது. பொருள் நெருக்கத்தை வைத்துத் தேடும் ஏஐ இந்த மாதிரி மதிலைத் தாண்டக்கூடியது. அதனால் ஆறாம் படி முடிந்ததும், புதிதாகக் கற்ற சொற்களோடு மூன்றாம் படிக்கு ஒருமுறை திரும்பிப் போய் வாருங்கள்.

படி 7: சலிப்பது

முடிவுகள் சில நூறுக்குள் என்றால் கையாலேயே பாருங்கள். ஆயிரங்களில் போனால் ஏஎஸ்ரிவியூ உதவும். உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் உருவான திறந்தமூல மென்பொருள் அது. நீங்கள் சில கட்டுரைகளுக்கு ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ சொல்லச் சொல்ல, உங்கள் ரசனையைக் கற்றுக்கொண்டு, வேண்டியதாக இருக்கக்கூடியதை மேலே கொண்டுவரும். எப்போது நிறுத்துவது என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்து எழுதி வையுங்கள். களைத்த பிறகு எடுக்கும் முடிவு எப்போதும் ‘போதும்’ என்றுதான் வரும்.

படி 8: மேற்கோள் காட்டும் முன்

பட்டியலில் இறுதியாக நிற்கும் ஒவ்வொரு பேப்பருக்கும் டிஓஐ எண்ணைத் திறந்து பாருங்கள். தலைப்பு, ஆசிரியர், ஆண்டு ஒத்துப்போக வேண்டும்.

அடுத்து, திரும்பப் பெறப்பட்ட பேப்பரா என்று பாருங்கள். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் இணைத்து 1998-ல் லான்செட்டில் வந்த கட்டுரையை 2010-ல் அந்த இதழே திரும்பப் பெற்றது. ஆனால் கட்டுரை இணையத்திலிருந்து மறையவில்லை. திரும்பப் பெற்றவை தேடலில் வழக்கம் போல வரும், ஏஐ சுருக்கத்திலும் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நுழையக்கூடும். இப்படிப்பட்டவற்றைத் தொகுக்கும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தை 2023-ல், டிஓஐ எண்களைப் பதிவு செய்யும் அமைப்பான கிராஸ்ரெஃப் வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டது. சொட்டேரோ என்ற இலவச மேற்கோள் மென்பொருளில் பேப்பர்களைச் சேமித்தால், அவற்றில் திரும்பப் பெறப்பட்டது இருக்கும்போது அதுவே சிவப்பில் எச்சரிக்கும். இதற்காகவே சொட்டேரோவை முதல் நாளிலிருந்து பயன்படுத்தச் சொல்வேன்.

சேமித்த பிடிஎஃப்களை நோட்புக்எல்எம் போன்ற கருவியில் ஏற்றிக் கேள்வி கேட்பது வசதிதான். நீங்கள் கொடுத்த கோப்புகளுக்குள் மட்டும் தேடும், எந்தப் பத்தியிலிருந்து எடுத்தது என்றும் காட்டும். அந்தப் பத்தியைச் சொடுக்கிப் படித்துவிடுங்கள். மதிப்பீட்டுக்காக உங்களிடம் வந்த, இன்னும் வெளியாகாத கையெழுத்துப் பிரதியை மட்டும் எந்தக் கருவியிலும் ஏற்றக் கூடாது. அது உங்கள் சொத்து அல்ல.

படி 9: குறிப்பேடு

முதல் தேடலிலிருந்தே எழுத வேண்டியது இது. கடைசியில் வைத்திருப்பதற்குக் காரணம், எல்லோரும் கடைசியில்தான் நினைத்துக்கொள்கிறார்கள். தேதி, கருவி, தட்டிய வரி அப்படியே, வந்த எண்ணிக்கை, வைத்துக்கொண்ட எண்ணிக்கை. ஒரு தேடலுக்கு ஒரு வரி போதும். முறையான மீளாய்வு எழுதுபவர்களிடம் பிரிஸ்மா 2020 வழிமுறை இதைத்தான் கேட்கிறது. ஏஐ கருவியில் தேடினால் கேட்ட வாக்கியத்தோடு வந்த பட்டியலையும் ஏற்றுமதி செய்து வையுங்கள். அதே பட்டியல் இன்னொரு நாள் வராது. எந்தக் கருவியை எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்பதைக் கட்டுரையின் முறையியல் பகுதியில் சொல்லிவிடுங்கள். பல ஆய்விதழ்கள் இப்போது கேட்கின்றன.

வெவ்வேறு வரிகளில் தேடியும் ஏற்கெனவே பார்த்த தலைப்புகளே திரும்பத் திரும்ப வரத் தொடங்கினால் தேடலை நிறுத்தி, படிக்க உட்காரலாம். எழுந்திருக்கும் முன் ஐந்தாம் படியில் செய்த தேடல்வரியை பப்மெட்டில் சேமித்து மின்னஞ்சல் அறிவிப்பைப் போட்டுவிடுங்கள். நீங்கள் எழுதி முடிக்கும் மாதங்களில் புதிதாக வரும் பேப்பர்கள் தாமாகவே வந்து விழும்.